நான்கு ஒன்பதுகள்

எண்பது பத்தி, பன்னிரண்டு வரிசை.
மண்டபம் ஆய்வு நிலையத்தின் மேற்கு அறையில்
எழுபத்து மூன்றில் எனக்குக் கிடைத்த உத்தியோகம்
மீனை ஓட்டையாக்குவது.

சந்தியாகு நோட்டில் ‘காரல், நாற்பது கூடை’ என்றால்
நான்காம் வரிசையில் ஒன்று, சைபர் வரிசையில் ஒன்று.
கூடையின் நாற்றம் அட்டைக்கு வராது.
உப்பு வரும்.
கச்சான் அடிக்கும் மாதங்களில் அட்டைகள் ஊதிப்போக,
மெட்ராஸ் இயந்திரம் கடித்துத் துப்பிவிடும்.
‘அரிசிப் பானைக்குள் வைத்து அனுப்பவும்’ என்று
அங்கிருந்து தந்தி வந்தது.
கேலியில்லை. வைத்தேன்.

டிரங்குப் பெட்டி நிறைய அட்டை ரயிலேறிப் போனால்
பதினேழு நாள் கழித்துக் காகிதமாய்த் திரும்பும்,
மடிப்பு மடிப்பாக, ஓரமெல்லாம் துளையோடு.
டாக்டர் பரசுராமன் அதைத் தரையில் விரித்து
முட்டிபோட்டு அதன்மேல் ஊர்வார்.
பத்துக் கணக்குப்பிள்ளைகள் பத்து வருஷம் உட்கார்ந்தாலும்
தீராத பெருக்கலெல்லாம் அதற்கு ஒரு ராத்திரி.
அதனால் அது சொன்னதை நம்பினோம்.

அது சொன்னது இது:
வேதாளையில் வெள்ளிதோறும் மீன் இல்லை.
தங்கச்சிமடத்தில் ஞாயிறுதோறும் இல்லை.
ஆக, மீன்கூட்டம் வெள்ளியன்று தென்கடலை விட்டுப்
பாம்பன் கால்வாயில் ஏறி வடகடலுக்குப் போகிறது,
ஞாயிறன்று இறங்கி வந்துவிடுகிறது.
ஏழு நாள் சுற்று. நிலவின் கால் பங்கு.
வளைகோடு அத்தனை அழகு.
கட்டுரை அச்சாகிவிட்டது.

நான் வேதாளைக்காரி.
வெள்ளிக்கிழமை எங்கள் வாப்பாவின் வத்தை
எந்தக் கரையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்வதற்கு என் சம்பளத்தில் இடமில்லை.

படத்தைப் பார்த்து சந்தியாகுதான் சிரித்தார்.
“கடலுக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை?
பூசைக்குப் போனது நாங்கதான், மீனில்ல.”

பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தேன்.
அந்த நாட்களில் நான் சைபர் குத்தவேயில்லை.
காலியாக விட்டிருந்தேன், சத்தியமாக.
காலியைச் சைபர் என்று வாசித்தது இயந்திரம்.
வலை வீசி ஒன்றும் படாதவனும்
வலையையே தொடாதவனும்
அதற்கு ஒரே ஆள்.

சைபர் கண்ட நாடு என்று மேடைதோறும் பேசும் பரசுராமன்
அன்று நெடுநேரம் ஜன்னலருகே நின்றார்.
“சைபருக்கும் கீழே ஒன்று வேணும், சபூரா.”
எந்தக் கரையிலும் ஒரு நாளில் ஏறாத
கூடைக் கணக்காகப் பார்த்து எடுத்தோம்:
நான்கு ஒன்பது.
‘தெரியாது’ என்பதற்கு
முதன்முதலாக எங்களிடம் ஓர் ஓட்டை இருந்தது.

அடுத்த மாதமே நிரலில் ஒரு வரி விட்டுப்போய்
ஒன்பதுகளும் கூட்டலில் சேர்ந்துகொள்ள,
பாக் நீரிணையில்
தண்ணீரைவிட மீன் அதிகம் என்று வந்தது.
பரசுராமன் அதையும் தரையில் விரித்தார்.
அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு பழகிவிட்டோம்.
காற்று மிஞ்சிப் பாலத்துக்கு அந்தப்பக்கமே ரயில் நின்று
நோட்டு வராத நாள்,
பெருநாள், பாஸ்கா, புயல் கொடி,
சந்தியாகுவுக்கு மஞ்சள் காமாலை கண்ட பதினோரு நாள்,
எல்லாம் அந்த நான்கு இலக்கத்துக்குள்தான் கிடக்கின்றன
ஒன்றன்மேல் ஒன்றாக.

போன மாதம் ஒரு மின்னஞ்சல்.
எங்கோ குளிர்தேசத்துப் பல்கலைக்கழகம்,
எங்கள் ஐம்பது வருஷத்தை ஒரு புது இயந்திரத்துக்கு
ஊட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.
ஏழு நாள் சுற்றுக் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள்,
இன்னும் அதைத்தான் படிக்கிறார்கள்.
நான்கு ஒன்பது வரும் இடங்களை
அக்கம்பக்கத்து நாட்களை வைத்து
நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள்.
பரவாயில்லை, கேட்டார்களே.

வேண்டாம் என்று எழுதிவிட்டு
ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத உட்கார்ந்தேன்.
இருபத்தாறு பக்கம் ஆகிறது.

எழுபத்தாறு மார்ச் பதினாறு மட்டும் பிடிபடவில்லை.
செவ்வாய்க்கிழமை. காற்றில்லை. ரயில் வந்திருக்கிறது.
சந்தியாகு கையெழுத்து இருக்கிறது.
நான்கு ஒன்பதும் இருக்கிறது, என் கையால் குத்தியதுதான்.
ஏனென்று தெரியவில்லை.

அப்படியே எழுதியிருக்கிறேன்.